ஒட்டச் சொல்லிக் கொடுத்த கப்பல் படம்

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குத் தலைமையாசிரியை அறையிலிருந்து எனக்கு ஆள் வந்தது. இரண்டாவது பீரியட். ஒன்பதாம் வகுப்புக்கு வட்டத்தின் தொடுகோட்டைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்து டிரங்கால், உங்கள் மகள் பேசுகிறாள் என்றதும், கையிலிருந்த மரக் காம்பஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அதோடேயே ஓடினேன். ஹாஸ்டலில் இருந்து படிக்கிற பெண் அம்மாவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டால் அது நல்ல சேதியாக இருக்காது என்பது அன்றும் இன்றும் என் எண்ணம்.

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாத," என்றுதான் ஆரம்பித்தாள். "நாளைக்கு மேடத்தைக் கூட்டிக்கிட்டு வர்றேன்ல, பதினோரு மணிக்கெல்லாம் வந்துடுவோம். அந்தக் கப்பல் படம் கட்டிலுக்கு அடியில இருக்குல்ல, அதை யாரும் தொடாம பாத்துக்க. நல்லா இருக்கட்டும்னு ஃப்ரேம் கிரேம் எதுவும் போட்டுடாத. ஒட்டினா போச்சு, ஓரத்தை வெட்டினா போச்சு. அவங்க முதல்ல அதைத்தான் பாப்பாங்க."

"சரி," என்றேன்.

"ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சாக்பீஸ் தூசிடி."

மூன்று நிமிடம் முடிந்து லைன் போய்விட்டது. நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். கப்பல் படம் கட்டிலுக்கு அடியில் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்க் காரைக்கால் கடைத்தெருவில் ஃப்ரேம் போடும் பாயிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். சும்மாவும் கொடுக்கவில்லை. அட்டையில் நன்றாக ஒட்டச் சொல்லி, கீழே எதுவரை வெட்ட வேண்டும் என்று ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகள் பத்து வயதிலிருந்து சுவரொட்டி சேர்த்தாள். சர்க்கஸ், நாடகம், சினிமா, வலை விற்கிற கம்பெனி, எதையும் விடமாட்டாள். டாக்கீஸுக்குப் போஸ்டர் ஒட்டுகிறவர் சைக்கிளில் எங்கள் கோட்டுச்சேரித் தெரு வழியாகப் போகும்போது, ஒட்டாத தாள் ஒன்றை இவளுக்கென்று உருவிக் கொடுத்துவிட்டுப் போவார். "வீடா, டாக்கீஸ் சுவரா?" என்று நான் திட்டுவேன். எல்லாவற்றையும் என் பழைய புடவையில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பாள். அவற்றுள் ஒன்றுதான் கப்பல் படம். காரைக்காலில் ஒரு குடும்பம் பிரான்சுக்குப் போய்க் குடியேறியபோது வீட்டைக் காலி செய்து பழைய பேப்பர் கடைக்குப் போட்ட மூட்டையில் அது இருந்தது. மூன்றடி உயரம், இரண்டடி அகலம். வெள்ளைக் கப்பல், இரண்டு புகைபோக்கி, மேலே பாதித் தாளுக்கு வானம். கீழே வெற்று ஓரத்தில் பிரெஞ்சில் கப்பல் கம்பெனியின் பெயர், அதற்கும் கீழே எறும்பு போல அச்சகத்தின் பெயரும் ஆண்டும்.

புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடுகிற பிரிவு இருந்தது. அங்கே ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு எடுப்பதாக இருந்தார்கள். கல்லூரி முடியப்போகும் என் மகள் கேட்டிருந்தாள். இன்னும் நான்கு பேரும் கேட்டிருந்தார்கள். பிரிவின் பொறுப்பில் இருந்த அம்மாள், "நீ சேர்த்ததை எப்படி வெச்சிருக்கேன்னு வந்து பாக்கறேன், அப்புறம் சொல்றேன்," என்றாராம். பத்து வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த தாள்களை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவள் நினைத்தாள். வேறு எதையுமே அவள் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பெரிய இடத்து ஆள் நம் வீட்டுக்கு வருகிறார், புடவைச் சுருளிலிருந்தா எடுத்துக் காட்டுவது? கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தால் மதிப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒட்டச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊர்க் கடல்காற்றில் ஒட்டாத படம் ஒரு மழைக்காலம் தாங்காது, அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும். கீழ் ஓரத்தை வெட்டச் சொன்னது பழக்க தோஷம். எங்கள் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் சாமி படம் என்பது காலண்டரிலிருந்து வருவதுதான். வருடம் முடிந்ததும் தேதித் தாளையும் கீழே இருக்கிற மளிகைக்கடைப் பெயரையும் வெட்டி எறிந்துவிட்டு முருகனை மட்டும் ஃப்ரேம் போடுவோம். கடைப்பெயர் இருக்கிறவரை அது விளம்பரம், பெயர் போனால்தான் சாமி. நான் கப்பலுக்கும் அதையே செய்தேன். விளம்பரத்தில் அந்தப் பெயரும் ஆண்டும் போனால் மிச்சம் இருப்பது வெறும் கப்பல் பொம்மை என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியவில்லை.

அனுமதி கேட்டேன். "மூணாவது பீரியட் டெஸ்ட் வெச்சிருக்கீங்களே டீச்சர், அதை முடிச்சுட்டுப் போங்க," என்றார் தலைமையாசிரியை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒரு படத்துக்காக என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. டெஸ்ட் முடிந்து, தாள்களை வாங்கிக் கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ரோட்டில் நின்றேன். பஸ் இருபது நிமிடம் கழித்து வந்தது. ஊருக்குள் நுழையும்போது தொப்பி போட்ட ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஒரே பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை.

கடை பலகை போட்டு அடைத்திருந்தது.

பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தேன். நீள மேசை மேல் தவிட்டு நிற அட்டை, அட்டை மேல் என் மகளின் கப்பல். மேல் ஓரத்தில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பாரம் வைத்திருந்தார். பக்கத்தில் பசைச் சட்டி, அதில் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிற அந்தப் பசையின் வாடை பலகை வழியாக வந்தது. எவ்வளவு ஒட்டியிருக்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. இடது கண்ணை வைத்துப் பார்த்தேன், வலது கண்ணை வைத்துப் பார்த்தேன்.

எதிர் ஜவுளிக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன டீச்சர், சாமி படமா? பாய் வர்ற வரைக்கும் சாமி எங்கயும் போயிடாது. வெயில்ல நிக்காம இப்படி வந்து உக்காருங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சாமி படம் இல்லீங்க."

"பின்ன யாரு, மாமனாரா?"

நான் பதில் சொல்லாததால் அது மாமனார்தான் என்று முடிவு செய்துகொண்டு, தன் மாமனாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காதில் விழவில்லை. தெருமுனையில் ஒரு ஆடு முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, பசைக்காக ஒரு போஸ்டரை மேலிருந்து கீழாக உரித்துத் தின்றுகொண்டிருந்தது. எவ்வளவு எளிதாக உரிக்கிறது என்று அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தொழுகைக்குப் போயிருக்கிறவரைப் போய்க் கூப்பிடுவது என்பது என் மனதில் வரவேயில்லை, அது எங்கள் ஊரில் யாரும் செய்கிற காரியமில்லை.

இரண்டரைக்குப் பாய் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்து மாணவிகளின் எம்பிராய்டரிகளுக்கெல்லாம் அவர்தான் ஃப்ரேம். "என்ன டீச்சர், நாளைக்குக் காலையிலதானே வர்றேன்னீங்க?"

"பாய், ஒட்டிட்டீங்களா?"

"எங்க ஒட்டறது. இவ்ளோ பெரிய தாளை ஒத்தை ஆளா ஒட்டினா சுருக்கம் விழும். வீட்டுல ஆள் வந்து அந்தப் பக்கம் தூக்கிப் புடிக்கணும். வெள்ளிக்கிழமை பகல்ல அவங்க அடுப்ப வுட்டு எங்க வர்றது? நகராம இருக்கட்டும்னு தலைமாட்டுல மட்டும் ஒரு கை பசை போட்டேன். இப்ப வந்துடுவாங்க, முடிச்சுடலாம்."

"முடிக்காதீங்க. பிரிக்கணும்."

பலகையைத் தூக்கிய கை அப்படியே நின்றது. "நீங்கதானே ஒட்டச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"ஒட்டாத படம் நம்ம ஊர் காத்துல அப்பளமா பொரிஞ்சிடும் டீச்சர். நாளைக்கு நீங்களே வந்து, பாய், என்ன வேலை செஞ்சீங்கன்னு கேப்பீங்க."

நான் மகளையும் புதுச்சேரி அம்மாளையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. நாற்பத்து நாலு வயதில் கடைத்தெருவில் நின்று அழுதேன். அவர் முகத்தில் இருந்த வருத்தம் போய், வேலை தெரிந்தவரின் முகம் வந்தது. மேல் ஓரத்தை விரல் நகத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தார். மூன்று விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. முழுதாகக் காயவில்லை.

"கீழ போட்டிருக்கீங்களே கோடு, அது பேனாவா பென்சிலா?"

"பென்சில்."

"பொழைச்சோம். மொதல்ல தலையைப் பாப்போம்."

அன்று மூன்றிலிருந்து ஆறு மணி வரை அந்த மேசையில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்கும் யார் ஃப்ரேம் போடப் போனாலும் தைரியமாகச் சொல்கிறேன். ஒட்டிய தாளைப் பிரிக்க நேர்ந்தால் தாளை இழுக்கக் கூடாது. அட்டையைத்தான் உரிக்க வேண்டும். பாய் படத்தைக் குப்புறத் திருப்பினார். அதற்கு முன் மேசையைத் துடைத்து, துவைத்த வெள்ளைத் துணி விரித்தார், கண்ணாடித் தூள் ஒன்று இருந்தால்கூட வானத்தில் கீறல் விழும் என்றார். பிழிந்த ஈரத் துணியை அட்டையின் முதுகில் போட்டு ஊறவிட்டார். ஊறியதும் தகடு தகடாக உரிந்தது அட்டை. ஒரு தகடு, மறுபடி ஈரம், இன்னொரு தகடு. நடுவில் அவர் மனைவி வந்தார். ஒட்டுவதற்கு வந்தவரைப் பிரிப்பதற்கு உட்கார வைத்தோம். "ஒட்டறதுக்குத்தான் கூலி தருவீங்க, பிரிக்கறதுக்கும் தருவீங்களா?" என்று கணவரைக் கேட்டுவிட்டு, என்னைவிடப் பொறுமையாக உரித்தார். கடைசித் தகட்டை எலும்புச் சீப்பின் மழுங்கின முதுகால் பசையோடு வழித்தெடுத்தவர் அவர்தான்.

தாள் கிழியவில்லை. ஆனால் நான் ஒரு தப்பு செய்தேன். ஊறட்டும் என்ற அவசரத்தில், அவர்கள் பார்க்காத நேரம் பார்த்து, துணியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். ஈரம் பசை இருந்த இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தபோது வானத்தின் குறுக்கே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று, கடல்நீர் வந்து போன மணலில் இருப்பது போல வளைந்து வளைந்து.

"நான் பிழிஞ்சுதானே போட்டேன்," என்றார் பாய்.

"நான் தெளிச்சேன்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி வுடுங்க, வானத்துல மேகம் இருக்கக் கூடாதா?" என்றார் அவர் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வராது. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெண் அவசரப்பட்டு இங்க் பாட்டிலைத் திறந்தாலும் தடுக்க என் கை தானாக நீளும்.

பென்சில் கோட்டை நான்தான் எடுத்தேன். ரப்பர் போட்டால் தாளின் மினுமினுப்புப் போகும் என்று பாய் பேக்கரியிலிருந்து பன் வாங்கிவரச் செய்து, அதன் நடுப்பாகத்தைப் பிய்த்து உருட்டிக் கொடுத்தார். மெதுவாக உருட்ட உருட்டக் கோடு பன்னில் ஏறிக்கொண்டது. கம்பெனியின் பெயர், அச்சகத்தின் பெயர், ஆண்டு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

பிற்பாடு என் மகளின் படங்கள் பலவற்றுக்குப் பாய் ஃப்ரேம் போட்டார், எதையும் ஒட்டாமல். அதற்கு வழியை அவரேதான் கண்டுபிடித்தார். எம்பிராய்டரிக்கு ஃப்ரேம் போடும்போது கம்பளி நூல் நசுங்காதிருக்கக் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே சுற்றிலும் மெல்லிய மரக்குச்சி வைப்பார். அதையே தாளுக்கும் வைத்தார். கண்ணாடி தாளைத் தொடாது, மழைக்காலத்தில் உள்ளே வேர்த்தாலும் படம் கண்ணாடியில் போய் அப்பிக்கொள்ளாது. மேலே இரண்டே இடத்தில் மெல்லிய தாள் பட்டையைச் சோற்றுக் கஞ்சியால் ஒட்டி, படம் அதில் தொங்கும்படி விட்டார். காற்றுக்குத் தாள் கொஞ்சம் நெளியும். நெளியட்டும், உயிரோடு இருக்கிற காகிதம் நெளியத்தான் செய்யும். கண்ணாடி அளவுக்குப் படத்தை வெட்டுகிற வழக்கத்தையும் விட்டோம். பெட்டியில் வெட்டியே வருகிற கண்ணாடியின் அளவு சரிப்படவில்லை என்றால் பெரிய கண்ணாடி வாங்கி அதை வெட்டுவது, தாளை வெட்டுவதில்லை. நான் ஒவ்வொரு முறையும் கூடவே உட்கார்ந்திருப்பேன். ரசீதின் பின்புறம் "ஒட்டாதே, வெட்டாதே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். "டீச்சர் பரீட்சைப் பேப்பர் குடுத்துட்டாங்க," என்பார் பாய்.

அந்த வெள்ளிக்கிழமை ஃப்ரேம் எதுவும் வேண்டாம் என்றேன். இரண்டு புது அட்டைகளுக்கு நடுவே படத்தைப் படுக்க வைத்து, மூலைகளை நாடாவால் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் முழங்கையால் சண்டை போட்டபடி கோட்டுச்சேரி வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, படத்தை அதன் மேல் வைத்தேன். மற்ற சுவரொட்டிகளைப் புடவையிலிருந்து பிரித்துக் கட்டிலில் அடுக்கினேன். பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பஸ் ஒவ்வொன்றும் நிற்கிற சத்தம் வாசலில் கேட்கும், யாரும் வரவில்லை. வராமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு நேரம், வராமல் போய்விட்டால் அவள் கதி என்ன என்று ஒரு நேரம். நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய தாள்தானே. பழுப்புக் கோடு முன்பே இருந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? மகளுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாள் முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். இப்படி நினைத்தபோதே, அவளைப் பொய்க்குத் துணை நிற்க வைக்கப் போகிறேன் என்பது புரிந்தது. அவள் வேலையே காகிதத்துக்கு என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொல்வதாக இருக்கப்போகிறது. முதல் நாளே அம்மா அவளைப் பொய் சொல்லப் பழக்க வேண்டுமா? சொல்லிவிடுவது என்று மூன்று மணிக்கு முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு சோறு இறங்கியது.

நாலு மணிக்கு வந்தார்கள். இரண்டு பேர் செருப்பிலும் ரோட்டு மண். மகள் முகம் கறுத்திருந்தது. கூட வந்தவர் ஐம்பது வயதுக்காரர், நூல் புடவை, தோளில் துணிப்பை. வணக்கம் சொன்னார், நேராக மேசைக்குப் போனார். கைகளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார், படத்தைத் தொடவில்லை. குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். மகள் வானத்தின் கோட்டைப் பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது..."

"நான் சொல்றேன்," என்றேன். பாய் கடையில் கொடுத்தது, ஒட்டச் சொன்னது, கோடு போட்டது, பிரித்தது, பன், நான் தெளித்த தண்ணீர் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். "அவளுக்கு எதுவும் தெரியாதுங்க. போன்ல தொடாதேன்னுதான் சொன்னா. அப்பவே சொல்லாம மறைச்சது நான்தான்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்த அம்மாள் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மேல் ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு கீழ் ஓரத்தை. பிறகு கட்டிலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக. அரை மணி நேரம் இருக்கும்.

கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்லலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். மைதாப் பசை வாசனை இன்னும் இருக்கு," என்றார். "பாயும் அவர் வீட்டுக்காரம்மாவும் பண்ணின வேலையில குறை ஒண்ணுமில்ல. தண்ணி தெளிச்சது தப்பு. அதை எடுத்துடலாம், ரெண்டு மாசம் ஆகும். ஒண்ணாந்தேதி உங்க பொண்ணை அனுப்புங்க, இதையும் கையில குடுத்து அனுப்புங்க. அவளுக்கு முதல் வேலை இதுதான்." பிறகு கால்களை நீட்டி, செருப்பு அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டார். "இப்ப குடிக்கத் தண்ணி குடுங்கம்மா. பூவம் ஸ்டாப்புல டயர் வெடிச்சு, மாத்து பஸ் வரும் வரும்னு உக்கார வெச்சே மத்தியானத்தை ஓட்டிட்டாங்க. அங்கேர்ந்து நடந்தே வர்றோம், உங்க பொண்ணு வழி நெடுக வாயையே திறக்கல."